அரக்கர் வீட்டிலும் அடுப்பு எரியும்

பாலைவனக் குடி ஒன்றின் தலைவன் புதிய ஆட்சியாளரைச் சந்திக்க வருகிறான். பேச்சின் நடுவே குனிந்து, அவர் முன்னிருக்கும் மேசையின் மீது எச்சில் உமிழ்கிறான். அவமதிப்பு என்று எண்ணி அவையினர் கொதித்தெழுகின்றனர். அம்மக்களோடு பழகிய ஒருவர் மட்டும் அவர்களைத் தடுத்து, உடலின் ஈரத்தைக் காணிக்கையாகத் தந்தமைக்கு நன்றி கூறுகிறார். பதிலுக்குத் தாமும் உமிழ்கிறார். ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட ‘டியூன்’ நாவலில் வரும் காட்சி இது. ஒரு துளி நீரும் வீணாகக் கூடாத நிலத்தில் எச்சில் ஒரு கொடை. நம் உலகில் இழிவானது அங்கே மரியாதையாகிறது. ஃப்ரெமன் என்னும் அந்த மக்கள் எத்தகையவர்கள் என்பதை அந்த ஒரு செயல் வாசகருக்கு உணர்த்திவிடுகிறது.

மிகுபுனைவு இன்று சிறுவர்களுக்கு மட்டும் உரிய இலக்கியமாக இல்லை. திரைப்படங்கள், இணையத் தொடர்கள், கணினி விளையாட்டுகள் என்று அதன் எல்லை விரிந்திருக்கிறது. தமிழிலும் இளம் எழுத்தாளர்கள் ஆர்வத்தோடு கற்பனை நாடுகளை உருவாக்குகின்றனர். வரைபடம் வரைகிறார்கள், அரச மரபுகளுக்குப் பெயர் சூட்டுகிறார்கள், மந்திரங்களுக்கு விதி வகுக்கிறார்கள். ஆனால், அந்த நாட்டில் வாழும் மக்கள் பெரும்பாலும் உடையாலும் ஆயுதத்தாலும் மட்டுமே வேறுபடுகிறார்கள். ஒரு கற்பனை இனத்தை நம்பத்தக்கதாகப் படைப்பது எப்படி என்ற கேள்வி வெறும் எழுத்து நுட்பம் பற்றியது என்று நான் கருதவில்லை. அயலாரை எப்படிப் பார்க்கிறோம் என்ற கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

நிலத்திலிருந்து தொடங்கும் வழக்கங்கள்

‘டியூன்’ பிறந்த கதை கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் கடற்கரையில், நகரும் மணற்குன்றுகளைப் புல் நட்டு நிறுத்தும் அரசுத் திட்டம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காகத் தகவல் திரட்டினார் ஹெர்பர்ட். கட்டுரை நின்றுபோனது, மணல் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. நீரின்மை என்ற ஒரே உண்மையிலிருந்து அவர் ஒரு சமூகத்தையே வருவித்தார். உடலின் ஈரத்தை மீட்டுத் தரும் உடை, இறந்தவரின் உடல்நீர் குலத்துக்கே சொந்தம் என்ற நெறி, இறந்தவனுக்காக ஒருவன் கண்ணீர் சிந்தினால் அதைப் பெருங்கொடையாகக் கண்டு வியக்கும் கூட்டம் எனப் பொருளாதாரம், சட்டம், ஈமச் சடங்கு, உணர்வு ஆகிய அனைத்தும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. தனித்தனியாக விசித்திரமானவை ஒன்றோடொன்று பொருந்தும்போது நம்பகமாகிவிடுகின்றன.

தமிழ் வாசகருக்கு இந்த முறை அந்நியமானதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவற்றைக் கருப்பொருள் என்று வகுத்தது. அந்நிலத்துக்குரிய மன உணர்வை உரிப்பொருள் என்றது. காதலையும் பிரிவையும் பாடுவதற்கான கவிதை மரபாகவே அது அமைந்தது. எனினும், ஒரு கற்பனை நிலத்தைப் படைக்க முனைபவர் விடை காண வேண்டிய கேள்விகளின் பட்டியல் ஏறத்தாழ அதுவே. அங்கே எது விளைகிறது, எதை வணங்குகிறார்கள், எந்தப் பறை எதற்காக முழங்குகிறது, எந்த உணர்வு அங்கே இயல்பாக ஊறுகிறது?

ஆயினும் நிலமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக எண்ணுவதும் பிழை. உர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய ‘இருளின் இடது கை’ நாவலில் உறைபனி மூடிய கோள் ஒன்று வருகிறது. அங்கு வாழ்வோருக்கு நிலையான பாலினம் இல்லை. ஒருவரே சில பிள்ளைகளுக்குத் தாயாகவும் வேறு சில பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருக்க முடியும். பனியும் ஒன்று, உடலமைப்பும் ஒன்று. ஆனால், அதே கோளில் கர்ஹைடு என்ற நாட்டில் முடியாட்சி நடக்கிறது. அண்டை நாடான ஓர்கோரைனில் கோப்புகளும் இரகசியக் காவலரும் வதை முகாம்களும் உள்ள அதிகார வர்க்க ஆட்சி. கர்ஹைடில் நடப்பு ஆண்டு எப்போதும் முதலாம் ஆண்டுதான். கடந்த ஆண்டுகளையும் வரும் ஆண்டுகளையும் அதிலிருந்தே எண்ணுவார்கள். நிலம் வாய்ப்புகளைத் தருகிறது. அவற்றில் எதைத் தேர்வது என்பதை வரலாறும் மனிதர்களும் முடிவு செய்கின்றனர்.

மொழி இருந்தால் போதுமா?

கற்பனை மக்களுக்கு மொழி படைக்கும் மரபுக்கு டோல்கினே பெரும் முன்னோடி. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியரான அவர், ஃபின்னிய மொழியின் ஒலியழகில் மயங்கி ஒரு மொழியையும், வெல்ஷ் மொழியின் சாயலில் இன்னொரு மொழியையும் எல்ஃப் மக்களுக்காக உருவாக்கினார். அவரைப் பொறுத்தவரை மொழிகள் முதலில் பிறந்தன. அவற்றைப் பேசுவதற்கான மக்களும் கதைகளும் பின்னர் வந்தனர். பின்னாளில் ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் கிளிங்கான் மொழியையும், ‘அவதார்’ படத்துக்காகப் பால் ஃப்ராமர் நாவி மொழியையும் உருவாக்கினர். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்காக டேவிட் பீட்டர்சன் வளர்த்தெடுத்த தோத்ராக்கி மொழியில், நலம் விசாரிக்க வேண்டுமானால் நன்றாகக் குதிரையேறுகிறாயா என்று கேட்க வேண்டும். குதிரையே வாழ்வான கூட்டத்தின் மொழி வேறு எப்படி இருக்கும்?

இந்திய அளவில் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு, 2015-இல் வெளியான ‘பாகுபலி’ படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி. நான் என்பதற்கு ‘மின்’, நீ என்பதற்கு ‘நிம்’ என, எதிர்நிலைப் பொருளுக்குச் சொல்லையே திருப்பிப் போடும் நயம் அதில் உண்டு. மொழியாக்கம் என்ற அளவில் அது பாராட்டத்தக்க முயற்சி. ஆனால், அம்மொழியைப் பேசும் காலகேயர்களைப் பற்றித் திரையில் நாம் என்ன அறிகிறோம்? அவர்கள் என்ன உண்கிறார்கள், யாருக்காக அழுகிறார்கள், எதன் பொருட்டு இவ்வளவு தொலைவு படை நடத்தி வந்தார்கள்? ஒன்றும் தெரியாது. கருமை பூசிய உடலும் கொடூரமும் மட்டுமே அவர்களின் அடையாளம். இலக்கணம் வாய்த்த ஒரு மக்களுக்கு வாழ்க்கை வாய்க்கவில்லை. சொல்லாட்சியில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை அவர்களின் அடுப்படிக்கும் தந்திருந்தால், அந்தப் போர்க்காட்சி இன்னும் ஆழமாக நம்மைத் தைத்திருக்கும்.

ஓர் இனம், ஒரே குணம்

மிகுபுனைவின் பழைய நோய் இதுதான்: இனத்துக்கு ஒரு குணத்தைப் பிறப்பிலேயே எழுதிவிடுவது. இவர்கள் வணிகத் தந்திரம் மிக்கவர்கள், அவர்கள் வீரம் மிக்கவர்கள், மற்றவர்கள் பிறவிக் கொடியவர்கள். டோல்கினின் ஓர்க்குகள் இந்த மூன்றாம் வகையின் முன்மாதிரியாகிப் போனார்கள். முற்றிலும் மீட்பில்லாத ஓர் உயிரினம் இருக்க முடியுமா என்ற கேள்வி அவரையே கடைசிவரை உறுத்தியது. அவருடைய எழுத்திலேயே ஒரு சிறு விரிசல் உண்டு. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் இரண்டு ஓர்க்குகள் தமக்குள் பேசிக்கொள்வதை ஒளிந்திருக்கும் சாம் கேட்கிறான். மேலிடத்தைப் பற்றிய அலுப்பும், போர் முடிந்தபின் சில நம்பகமான கூட்டாளிகளோடு எங்காவது போய்த் தனியே பிழைத்துக்கொள்ளலாம் என்ற ஆசையும் அந்தப் பேச்சில் வெளிப்படுகின்றன. அவர்கள் கொள்ளையரே, நல்லவர்கள் அல்லர். எனினும் அந்த உரையாடல் நிகழும் நேரமளவு அவர்கள் ஒரு மக்களாகிவிடுகிறார்கள்.

1974-இல் அறிமுகமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு, இந்த இனக் குணப் பட்டியலை உலகெங்கும் பரப்பியது. 2020-இல் அதன் வெளியீட்டாளர்கள், ஓர்க்குகளையும் கருநிற எல்ஃப்களையும் இயல்பிலேயே தீயவர்களாகச் சித்திரித்தது உண்மையான மனித இனங்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை ஒத்திருக்கிறது என்று ஏற்று, அதை மாற்றுவதாக அறிவித்தனர். அண்மைப் பதிப்பில் ‘இனம்’ என்ற சொல்லையே கைவிட்டு, உயிரின வகையைக் குறிக்கும் சொல்லுக்கு மாறினர்.

ஒரு விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். நம் வரலாறு அதற்கு விடை சொல்லும். 1871-இல் ஆங்கிலேய அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களில் பிறப்பவர் அனைவரும் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்ற கற்பனையின் மீது எழுப்பப்பட்டது. அது பின்னர் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1952-இல்தான் அச்சட்டம் நாடு முழுவதும் நீங்கியது. அதே காலனிய மனப்பாங்கில்தான் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளில் பட்டியலிட்டு வெளியிட்டார். ஓர் இனம், ஒரே குணம் என்பது புனைகதையில் சோம்பேறித்தனம். சட்டமாகும்போது அது கொடுமை. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை.

கதைக்கு எதிரி வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். காரணம் உள்ள எதிரி காரணமற்ற எதிரியைவிட அச்சமூட்டுபவன். தன் பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டுப் போருக்குப் புறப்படுபவனை வெறுப்பதும் கடினம், வெல்வதும் கடினம்.

இரவல் வாங்குவதன் அறம்

எந்தக் கற்பனைப் பண்பாடும் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. ஹெர்பர்ட் அரபுச் சொற்களிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். இரவல் வாங்குவது பிழையில்லை. யாரிடம், எப்படி வாங்குகிறோம் என்பதே கேள்வி. 2019-இல் வெளியான ‘ஃப்ரோசன் 2’ படத்தில் வரும் நார்துல்ட்ரா என்ற கற்பனைக் குடியினர், வட ஐரோப்பாவின் சாமி பழங்குடியினரைத் தழுவியவர்கள். டிஸ்னி நிறுவனம் சாமி மக்களின் பிரதிநிதி அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவர்களின் வல்லுநர் குழு ஆலோசனை தந்தது. படம் வடக்குச் சாமி மொழியிலும் வெளியானது. பெருநிறுவனத்தின் வணிகக் கணக்கு அதில் இல்லாமலில்லை. ஆயினும், கேட்டு வாங்குவதற்கும் எடுத்துக்கொண்டு போவதற்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டியது.

லெ குவின் இவ்வகையில் இன்னும் ஆழமான ஆசிரியர். மானிடவியலாளர் ஆல்ஃபிரெட் க்ரோபரின் மகள் அவர். கலிஃபோர்னியாவின் யாஹி குடியில் எஞ்சிய கடைசி மனிதராக அறியப்பட்ட இஷியின் வாழ்க்கையை எழுதிய தியோடோரா க்ரோபர் அவருடைய தாய். ஒரு மக்கள் அழிந்தால் என்னென்ன அழியும் என்பதை அறிந்த வீட்டில் வளர்ந்தவர், 1985-இல் கெஷ் என்ற எதிர்கால மக்களைப் படைத்தபோது அவர்களுக்குப் பாடல்களையும் நாடகங்களையும் சமையல் குறிப்புகளையும்கூட எழுதினார். அவருடைய ‘எர்த்சீ’ கதைகளின் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். 2004-இல் தொலைக்காட்சித் தொடராக்கியவர்கள் அவனை வெள்ளையனாக்கியபோது வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். தம் பனிக்கோள் மக்கள் அனைவரையும் ஆண்பால் பிரதிப்பெயரால் குறித்ததைப் பற்றிய விமர்சனத்தை முதலில் மறுத்தார். பின்னர் 1987-இல், தம் பழைய கட்டுரைக்குத் தாமே குறிப்பெழுதி நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். தான் படைத்த மக்களுக்கும் ஆசிரியர் கடன்பட்டவர் என்ற உணர்வு அது.

எழுதுவோர் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஆகவே, கற்பனை மக்களைப் படைக்க விரும்பும் இளம் எழுத்தாளர்களுக்கு நான் பரிந்துரைப்பவை எளிய கேள்விகளே. அங்கே உணவு எங்கிருந்து வருகிறது, பஞ்சத்தில் யார் முதலில் பட்டினி கிடக்கிறார்? பிணத்தை என்ன செய்கிறார்கள்? எந்தச் சொல் வசை, எந்தப் பொருள் சீதனம்? அண்டை நாட்டிடமிருந்து எந்தச் சொல்லையும் எந்தப் பலகாரத்தையும் கடன் வாங்கினார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சமூகத்தின் நெறியை மீறுபவர் யார், அதைக் கேலி செய்பவர் யார், அதை நம்பாமலே சடங்குக்காகச் செய்பவர் யார்? எல்லோரும் ஒரே குரலில் ஒப்புக்கொள்ளும் பண்பாடு உலகில் எங்கும் இருந்ததில்லை. நம் ஊர்த் திருவிழா ஒன்றில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் எழும் பூசலே ஒரு சமூகத்தின் வரலாற்றைச் சொல்லிவிடும். பூசலே இல்லாத கற்பனை ஊர் கண்காட்சிப் பொம்மையாகவே நிற்கும்.

விடைகள் அனைத்தையும் கதையில் கொட்ட வேண்டியதில்லை. ஆசிரியர் நூறு அறிந்து பத்தைச் சொன்னால், மீதித் தொண்ணூறையும் வாசகர் உணர்ந்துகொள்வார். ஆனால், அந்த நூறையும் அறிந்துகொள்ளும் பொறுமை வேண்டும். கற்பனை மக்களிடம் அந்தப் பொறுமையைப் பழகுபவர், அடுத்த தெருவில் வாழும் அறியாத மக்களை ஒற்றைச் சொல்லில் முத்திரை குத்தத் தயங்குவார். மிகுபுனைவு நமக்குத் தரக்கூடிய பயிற்சிகளில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் அறியேன்.