பழைய காருக்கு நெடுநாள் கூலண்ட் ஏற்றதா?

பெட்ரோல் எஞ்சினில் பிறக்கும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பழைய எஞ்சின்களில் அதனினும் குறைந்த பங்கே, வேலையாகிறது. மற்றொரு பெரும்பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீர்மம் ஏற்று, ரேடியேட்டரில் காற்றுக்கு ஈந்து மீள்கிறது. இவ்வோட்டம் தடைப்படுமாயின் சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். அலுமினிய ஹெட் வளையும். கேஸ்கெட் சிதைந்து நீரும் எண்ணெயும் ஒன்றாகும். பழைய கார் ஒன்றுக்கு இது நேர்ந்தால் பழுது பார்க்கும் செலவு காரின் விலையையே மிஞ்சிவிடக்கூடும். ஆதலின், பட்டறைகளில் ‘கூலண்ட்’ என வழங்கும் அந்நீர்மத்தைத் தேர்ந்தெடுப்பது சிறு செயல்போல் தோன்றினும் சிறு செயலன்று.

இந்நாளில் கடைகளில் ‘லாங் லைப்’ என்று எழுதிய புட்டிகளே மிகுதியாகக் காணப்படுகின்றன. ஐந்தாண்டு உழைக்கும் என்று கேட்டதும் பழைய காருக்கும் அதையே வாங்குவோர் பலர். அது பொருந்துமா, பொருந்தாதா என்பதை முடிவு செய்ய முதலில் கூலண்டின் இயல்பை அறிதல் வேண்டும்.

நீர் மட்டும் போதாதா?

வெப்பத்தை ஏற்றுச் செல்வதில் நீருக்கு நிகரான நீர்மம் அரிது. எனினும் அதற்கு மூன்று குறைகள் உள. குளிர் நாடுகளில் அது உறைந்து, விரிந்து, இரும்பையும் பிளக்கும். வெப்பம் மிகுந்தால் கொதித்து ஆவியாகும். இவையிரண்டினும் கொடியது, உலோகங்களை அரிப்பது. உறைதலைத் தடுக்க 1920-களின் பிற்பகுதியிலிருந்து எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் நீருடன் கலந்து விற்பனைக்கு வந்தது. சரிபாதியாகக் கலந்தால் கலவை ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 37 பாகை செல்சியசு வரை உறையாது.

மலேசியாவில் கேமரன் மலையிலும் நீர் உறையும் குளிர் இல்லை. “அவ்வாறாயின் குழாய் நீரே போதுமே” என்பார் உளர். உறைதல் ஒன்றையே கருதினால் அவர் கூற்று சரியே. ஆனால் கிளைக்கால் கலந்த நீர் கொதிக்கும் வெப்பநிலையும் உயர்கிறது. திறந்த கலத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், சரிபாதி கிளைக்கால் சேர்ந்தால் ஏறத்தாழ 107 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் இதனை மேலும் உயர்த்தும். தாப்பாவிலிருந்து மலையேறும் காருக்கு இச்சிறு வேற்றுமையும் பெருந்துணையாகும்.

இதனினும் முதன்மையான காரணம் அரிப்பே. ஒரு காரின் குளிர்விப்புப் பாதையில் வார்ப்பிரும்பு, எஃகு, அலுமினியம், செம்பு, பித்தளை, பற்றாசு ஆகிய ஆறு உலோகங்கள் இருக்கக் கூடும். கூலண்டைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களிலும் இவ்வாறு உலோகங்களின் துண்டுகளையே கூலண்டில் அமிழ்த்தி, எடைக் குறைவைக் கணக்கிடுவர். வேறுபட்ட இரு உலோகங்களை மின்னோட்டம் கடத்தும் நீரில் நிறுத்தினால் அது மின்கலமாகிவிடும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அவ்வாறே காரின் உள்ளேயும் மின்கலம் பிறக்கிறது; அதில் வலிமை குன்றிய உலோகம் கரைகிறது. தோட்டத்துக் கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் இதனை விரைவுபடுத்துகின்றன.

இருவகைக் காப்பு

அரிப்பைத் தடுக்கக் கூலண்டில் காப்புப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றின் வேற்றுமையே கூலண்டின் வகை வேற்றுமையாகும்.

பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட், போரேட் முதலிய உப்புகள் இருக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல இவை உலோகத்தின் மேல் எங்கும் மெல்லிய படலமாகப் படிகின்றன. காப்பு விரைவில் கிட்டும். பற்றாசுக்கும் பித்தளைக்கும் நன்மை உண்டு. ஆயின் எங்கும் படிவதால் விரைவில் செலவழிந்தும் போகும். ஆதலின் இவ்வகையை ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும்.

புதிய வகையில் கரிம அமிலங்களின் உப்புகள் உள்ளன. இவற்றுள் ஒன்றான செபாசிக் அமிலம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவது என்பது பலரும் அறியாத செய்தி. சுவர் முழுவதும் பூசாமல் விரிசல் கண்ட இடத்தை மட்டும் அடைக்கும் கொத்தனைப்போல, இவை அரிப்புத் தொடங்கும் இடத்தில் மட்டும் வினைபுரிகின்றன. அதனால் மெல்லச் செலவாகி ஐந்தாண்டு வரை உழைக்கின்றன. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1996-ஆம் ஆண்டு மாடல் கார்களில் இவ்வகையைப் புகுத்தியது.

இவ்விரண்டையும் இணைத்த கலப்பு வகைகளும் உள. ஐரோப்பிய உற்பத்தியாளர் பலர், கடின நீருடன் சேர்ந்து பாஸ்பேட் படிவமாகும் என்று கருதி, கரிம அமிலத்துடன் சிறிதளவு சிலிகேட் சேர்த்தனர். ஜப்பானியரோ, சிலிகேட் நீர்ப்பம்பின் சீலைத் தேய்க்கும் என்று கருதி, அதனை விலக்கிப் பாஸ்பேட்டைச் சேர்த்தனர்.

நிறம் கண்டு மயங்கற்க

பச்சை பழையது, சிவப்பு புதியது என்று கொள்வோர் மிகப் பலர். ஒரு காலத்தில் இது ஓரளவு பொருந்தியது. இப்போது பொருந்தாது. நிறம் என்பது கசிவைக் கண்டறியவும் வகை பிரித்துக் காட்டவும் சேர்க்கும் சாயமேயன்றி மருந்தன்று. அதற்கு உலகப் பொது விதி ஏதுமில்லை. பச்சை நிறத்தில் நெடுநாள் வகையும் உண்டு; சிவப்பு நிறத்தில் ஒன்றற்கொன்று மாறுபட்ட வகைகளும் உண்டு. வெளுத்ததெல்லாம் பால் என்று கொள்வது எத்தகையதோ, சிவந்ததெல்லாம் நெடுநாள் கூலண்ட் என்று கொள்வதும் அத்தகையதே. புட்டியின் பின்புறத்தில் உள்ள சிறு எழுத்துகளைப் படிப்பதே முறை.

எந்தக் காருக்கு எது?

கூலண்டைத் தேர்வது காரின் வயதன்று. அதன் உள்ளிருக்கும் உலோகமே. மோரிஸ் மைனர் போன்ற கார்களில் எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டரோ செம்பும் பித்தளையும் கொண்டு பற்றாசால் இணைக்கப்பட்டது. தனிக் கரிம அமில வகைகளுள் சில, ஈயம் கலந்த பற்றாசைப் போதிய அளவு காப்பதில்லை. அவற்றுள் சேரும் ஓர் அமிலம் சிலிகோன் ரப்பர் போன்ற சில பொருள்களை மென்மையாக்குவதும் உண்டு. ஆதலின் இத்தகைய கார்களுக்கு, செம்புக்கும் பற்றாசுக்கும் ஏற்றது என்று குறித்த பழைய வகையை வாங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை தவறாது மாற்றுவதே நன்று.

1985-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்றவை இடைப்பட்டவை. அவற்றின் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு; ஹெட் அலுமினியம். இவற்றுக்குக் கையேடு கூறும் வகையே முதற்சான்று. கையேடு இல்லையெனில் ரேடியேட்டரை நோக்குக. பற்றாசு இட்ட செம்பு ரேடியேட்டராயின் முற்கூறிய எச்சரிக்கையே இதற்கும் பொருந்தும். அலுமினியத் தகடும் பிளாஸ்டிக் தொட்டியும் உடைய ரேடியேட்டர் மாற்றப்பட்டிருப்பின், ஜப்பானிய கார்களுக்கென்று குறித்த பாஸ்பேட் சேர்ந்த நெடுநாள் வகையைப் பயன்படுத்தலாம். வேறெங்கும் பற்றாசு இட்ட உறுப்பு இல்லை என்பதை மட்டும் பட்டறையில் உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

கலந்தால் ஆயுள் குறையும்

‘நெடுநாள்’ என்ற சொல் பாதை முழுவதும் அந்நீர்மமே நிறைந்திருக்கும்போதுதான் மெய்யாகும். பழைய பச்சை நீர்மத்தின் மேல் புதியதை ஊற்றினால், ஐந்தாண்டு ஆயுள் இரண்டாண்டு ஆயுளாகிவிடும். சில வகைகள் ஒன்று சேர்ந்து கூழாகிக் குழாய்களை அடைப்பதும் உண்டு. ஆகவே வகையை மாற்ற எண்ணுவோர் முதலில் பாதையைக் கழுவுதல் வேண்டும்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். சூடாயிருக்கையில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பழையதை வடித்து, தூய நீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓட்டி, ஆறவைத்து, மீண்டும் வடித்தல் வேண்டும். வடிநீர் தெளியும் வரை இதனைத் திரும்பச் செய்க. இறுதியில் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை கழுவுதல் நன்று.

இங்கே ஒரு சிறு கணக்கு உண்டு. எவ்வளவு வடித்தாலும் எஞ்சினுள் சிறிது நீர் தங்கும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டராயின், சரிபாதிக் கலவைக்கு முதலில் 3 லிட்டர் செறிவான கூலண்டை ஊற்றுக. பின்னர் இடம் உள்ள அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுக. முன்கூட்டியே கலந்த நீர்மத்தை ஊற்றினால், தங்கிய நீரால் அது நீர்த்துவிடும். நம் வெப்ப நாட்டில் கிளைக்காலின் பங்கு 30 விழுக்காட்டுக்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையே இருப்பது போதும். மிகக் குறைந்தால் காப்புப் பொருளும் குறையும். மிக மிகுந்தால் வெப்பத்தை ஏற்கும் திறன் குறையும்.

இன்னுமொரு எச்சரிக்கை. கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. குழந்தையோ நாயோ சிறிதளவு அருந்தினும் சிறுநீரகம் கெட்டு உயிருக்கு ஆபத்து நேரும். வடித்த நீர்மத்தை வாய்க்காலில் கொட்டாமல், மூடிய கலத்தில் பட்டறைக்குக் கொடுப்பதே கடமை. அருந்தியது தெரிந்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ஐந்தாண்டு என்று புட்டியில் எழுதியிருப்பது நீர்மத்தின் ஆயுள். எஞ்சினின் ஆயுள் அன்று. பழைய காரை வைத்திருப்போருக்கு நெடுநாள் கூலண்டைவிட, நாள் தவறாமல் மாற்றும் கூலண்டே சிறந்த துணை. மாற்றிய தேதியையும் ஊற்றிய வகையையும் ஒரு சிறு தாளில் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தால், அடுத்து அக்காரைத் திறப்பவர் எதையும் நிறம் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.