அடையாள அட்டையின் வயதும் உடம்பின் வயதும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம்மவர் பழமொழி. வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தில் எழும் கேள்வியும் ஏறக்குறைய இதுதான்: "இந்த வயதில் தலையைத் திறக்கத்தான் வேண்டுமா?" நோயாளி சிறு பிள்ளை என்றால் பேச்சு மாறிவிடும். "சின்ன வயசுதானே, சீக்கிரம் தேறிவிடும்" என்பார்கள். இவ்விரண்டிலும் உண்மை பாதிதான். மீதியை அறியாமல் முடிவெடுத்தால் பெரியவர் பயன் தரக்கூடிய சிகிச்சையை இழக்கலாம். பிள்ளை தேவையான உதவியை இழக்கலாம்.

இளம் மூளை

மூளைக்கு நெகிழ்திறன் உண்டு. அதாவது, பாதிக்கப்பட்ட பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் ஓரளவு ஏற்றுக்கொள்ளும். அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் கென்னார்ட் 1936-இல் குரங்குகளின் மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஆராய்ந்தார். அப்பகுதி இளம் வயதிலேயே சேதமடைந்த குரங்குகள், வளர்ந்த குரங்குகளைக் காட்டிலும் நன்றாகத் தேறின.

ஆயினும், வளரும் மூளை கட்டி முடிக்கப்படாத வீட்டைப் போன்றது. அடித்தளத்தில் விழுந்த விரிசல், மேல்மாடி எழும்பும்போதுதான் தெரியவரும். சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா, குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் புற்றுக்கட்டிகளுள் ஒன்று. அதை அகற்றிய சில நாள்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குப் பேச்சு நின்றுபோகிறது. வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு திரும்பினாலும், உச்சரிப்பிலும் நடையிலும் சிரமம் நீடிக்கலாம். கதிர்வீச்சு வளரும் மூளையைப் பாதிக்கும் என்பதால், 3 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் அதைக் கூடுமானவரை தவிர்க்கிறார்கள் அல்லது தள்ளிப்போடுகிறார்கள்.

முதலாம் ஆண்டில் மற்றவர்களுக்கு ஈடாகப் படித்த பிள்ளை, நான்காம் ஆண்டில் பின்தங்கக்கூடும். கவனமும் நினைவாற்றலும் கூடுதலாகத் தேவைப்படும் பருவம் அது. அதைச் சோம்பல் என்று பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிவிடக் கூடாது.

முதிய உடம்பு

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. நெகிழ்திறன் குறைகிறதே தவிர, அற்றுப்போவதில்லை. முதியவர் தேறுவதைத் தாமதப்படுத்துவதில் உடம்புக்கும் பெரும் பங்கு உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலர் இரவு பகல் தெரியாமல், சொந்தப் பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் சில நாள்கள் குழம்புவர். படுத்தே கிடந்தால் தசை வலுவிழக்கும். நுரையீரலில் தொற்றும் கால் இரத்தக் குழாயில் இரத்தக்கட்டும் ஏற்படலாம். கட்டியைச் சுற்றிய வீக்கத்தைக் குறைக்கத் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் மருந்து, இரத்தத்தில் சர்க்கரையின் அளவை உயர்த்தும். இனிப்பு நீர் நோய் மிகுந்துள்ள நம் மலேசிய இந்தியச் சமுதாயம் இதனைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இருப்பினும், 70 வயதான எல்லாரும் ஒன்றல்லர். ஒருவர் சந்தைக்கு நடந்து போய் வருவார். இன்னொருவருக்குக் குளிக்கவே துணை வேண்டும். இந்த வேறுபாட்டை அளக்கக் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அது பிறந்த ஆண்டைக் கேட்பதில்லை. ஒருவரால் அன்றாடம் என்னென்ன செய்ய முடிகிறது என்று கேட்கிறது.

கட்டியின் குணம்

மூன்றாவதாகக் கட்டியின் வகை. மூளையின் உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா முதியவர்களிடம் அதிகம் காணப்படும். பெரும்பாலும் புற்று அல்லாதது. சிறியதாகவும் தொல்லை தராமலும் இருந்தால், அவ்வப்போது படம் எடுத்துக் கண்காணித்தாலே போதும் என்று மருத்துவர் கூறலாம். தேவைப்பட்டால், உடல் வலுவுள்ள முதியவருக்கும் அதை அகற்ற முடியும்.

கிளியோபிளாஸ்டோமா அப்படியன்று, வேகமாக வளரும் புற்று. அதற்கு வழி காட்டிய 2005-ஆம் ஆண்டு ஆய்வில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களே சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குக் கதிர்வீச்சு 6 வாரங்களில் 30 முறை தரப்பட்டது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கென நடந்த மற்றோர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அதில் கதிர்வீச்சு 3 வாரங்களில் 15 முறையாகக் குறைக்கப்பட்டது. அத்துடன் டெமொசோலமைட் மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 7.6 மாதத்திலிருந்து 9.3 மாதமாக உயர்ந்தது. கூடியது இரண்டு மாதத்திற்கும் குறைவுதான். ஆனாலும், வயதானவருக்குச் சிகிச்சையே வேண்டாம் என்று ஒதுக்காமல், அவர் உடம்பு தாங்கும் அளவுக்கு அதை மாற்றியமைக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது.

ஆகவே, மருத்துவர்முன் அமரும்போது வயதை மட்டும் வைத்துப் பேச வேண்டாம். கட்டி எந்த வகை? எந்த இடத்தில் உள்ளது? நோய் வருமுன் இவர் தம் வேலைகளைத் தாமே செய்தாரா? இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் உள்ளனவா? இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் எப்போது தொடங்கும்? இவற்றைக் கேட்போம். தம் உடம்பைப் பற்றிய முடிவில் பெரியவரின் விருப்பத்தையும் அவரிடமே கேட்போம். பல குடும்பங்களில் மருத்துவர் சொல்வதைப் பாட்டி, தாத்தாவுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு, படித்த பிள்ளைகளாகிய நம்மிடம்தான் வந்து சேர்கிறது.