கியர் மாறாத காரும் அது சொல்லும் எண்ணும்

மேட்டில் ஏறும்போது கார் உறுமுகிறது, வேகம் கூடவில்லை. கியர் தானாக மாற வேண்டிய இடத்தில் மாறாமல் ஒரே கியரில் நின்று விடுகிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும்" என்கிறார். குடும்பத்துக்கும், சந்தைக்குக் காய்கறிக் கூடை கொண்டு போகவும் பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கி வைத்திருக்கும் விவசாயிக்கு, இது ஒரு போக மகசூலை விழுங்கும் செலவு. அதற்குத் தலையாட்டும் முன், காருக்குள் பதிவாகியிருக்கும் கோளாறு எண்ணைப் படித்துப் பார்த்தல் அவசியம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்வது. எந்தக் கியர் வேண்டும் என்பதைச் சிறு கம்ப்யூட்டர் ஒன்று முடிவு செய்கிறது. அதன் கட்டளைப்படி சோலனாய்டு என்னும் மின்சார வால்வுகள் ஆயில் பாதையைத் திறந்து மூடுகின்றன. உள்ளே வரும் தண்டிலும் வெளியே போகும் தண்டிலும் வேகத்தை அளக்கும் சென்சார்கள் உண்டு. முதல் கியரின் விகிதம் 2.8 எனக் கொள்வோம். உள்ளே 2,800 சுற்று வந்தால் வெளியே 1,000 சுற்று வர வேண்டும். உள்ளே 3,400 சுற்று வந்தும் வெளியே அதே 1,000 தான் என்றால், நடுவில் கிளட்ச் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. உடனே ஓர் எண்ணைப் பதிந்து விளக்கை எரிய விடும். மேலும் கெடாமலிருக்க ஒரே கியரில் நிறுத்திக்கொள்வதும் உண்டு. கார் ஒரே கியரில் நிற்பது பல சமயம் இந்தத் தற்காப்பே.

எண்ணைப் படிக்க, ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயமாயிற்று. நம் நாட்டில் பி.எஸ்.6 விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பின் விற்ற கார்களில் உண்டு. அதற்கு முந்தைய பலவற்றிலும் உண்டு. எண்ணின் முதலில் வரும் 'பி' என்ற எழுத்து என்ஜினையும் கியர்பாக்ஸையும் குறிக்கும். அடுத்து 0 வந்தால் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எண். 1 வந்தால் அந்தக் கம்பெனிக்கே உரியது. மூன்றாவதாக 7 வந்தால் கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது.

பலர் ஏமாறுவது பி 0700 என்ற எண்ணில்தான். இது கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு தகவல் இருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்பது மட்டுமே அதன் பொருள். விலை குறைந்த ரீடர்களில் சில இதோடு நின்றுவிடும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கும் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போவதே நலம்.

பயிரின் இலை மஞ்சளானால் உடனே யூரியா மூட்டையைப் பிரிப்பதில்லை. தண்ணீர் தேங்கியிருக்கலாம், துத்தநாகம் குறைந்திருக்கலாம். கோளாறு எண்ணும் அப்படித்தான். பி 0715 உள்ளே வரும் வேகத்தையும், பி 0720 வெளியே போகும் வேகத்தையும் அளக்கும் சென்சாரின் மின்சுற்றைக் குறிக்கும். மின்சுற்று என்றால் சென்சாராகவும் இருக்கலாம், வயராகவும் இருக்கலாம், கனெக்டரில் புகுந்த ஈரமாகவும் இருக்கலாம். வைக்கோல் போருக்கு அருகே நிற்கும் காரில் எலி கடித்த வயரை முதலில் தேட வேண்டும். பி 0750, பி 0755 ஆகியவை சோலனாய்டுகளைக் குறிப்பவை. பல கார்களில் கியர்பாக்ஸை இறக்காமல், அடித்தட்டைக் கழற்றியே இவற்றை மாற்றலாம். பி 0731 முதல் 0735 வரை வந்தால் மேலே சொன்ன விகிதக் கணக்கு பொருந்தவில்லை என்று அர்த்தம். இவைதான் கவலைக்குரியவை. அப்போதும் ஆயில் குறைவு காரணமாக இருக்கலாம்.

எண்ணை உடனே அழித்து விடக் கூடாது. கோளாறு நேர்ந்த சமயத்தின் வேகம், என்ஜின் சூடு முதலிய பதிவும் அதோடு அழிந்துபோகும். முதலில் எல்லா எண்களையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். சம்பந்தமில்லாத நாலைந்து எண்கள் ஒன்றாக வந்தால் பேட்டரியையும் எர்த் வயரையும் சந்தேகிக்கலாம். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும்.

அடுத்தது ஆயில். பெரும்பாலான கார்களில் ஆயில் சூடான பின், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில், 'பார்க்' நிலையில் அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும். சில கார்களில் அளவுகோலே கிடையாது. அடியில் உள்ள திருகைக் கழற்றித்தான் பார்க்க முடியும். ஆயில் கறுத்து, கருகிய வாடை வீசி, விகித எண்ணும் வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மெக்கானிக் சொன்னது சரியே. குறைந்த ஆயிலை நிரப்பும்போது கார்க் கம்பெனி குறிப்பிட்ட வகையையே ஊற்ற வேண்டும்.

2014 முதல் நம் ஊரில் பரவிய ஏ.எம்.டி. கார்கள் வேறு ஜாதி. அவற்றில் இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் ஒரு கருவி உண்டு, அவ்வளவே. அங்கே கிளட்ச் தட்டின் தேய்மானத்தை முதலில் பார்க்க வேண்டும். தட்டை மாற்றினால் ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்குப் புது நிலையைப் பதிவு செய்யாமல் கார் சரியாக ஓடாது.

வழியில் நின்றுவிட்ட ஆட்டோமேட்டிக் காரை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வருவது பெரும் தவறு. என்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸின் ஆயில் பம்பும் ஓடாது. சக்கரம் சுழலச் சுழல உள்ளே ஆயிலின்றித் தேயும். இழுவைச் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி தூக்கியோ, லாரியில் ஏற்றியோ கொண்டு வர வேண்டும்.