பாதி ரூம் உனக்கு... பாதி ரூம் எனக்கு!

ராத்திரி மணி பதினொன்று. நாளைக்குக் காலையில் உங்களுக்கு இன்டர்னல் டெஸ்ட். அப்பத்தான் முதல் யூனிட்டையே திறக்கறீங்க. டியூப்லைட்டைப் போட்ட அடுத்த நொடி, பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு குரல்.

'அண்ணா... லைட்டை ஆஃப் பண்ணு. காலையில எனக்கு டியூஷன் இருக்கு!'

'போர்வையை இழுத்து மூடிட்டுத் தூங்குடா.'

'அம்மா... இவனைப் பாரும்மா!'

அடுத்த ரூமில் இருந்து தீர்ப்பு வரும். 'ரெண்டு பேரும் ஹால்ல வந்து படுங்க. நான் அந்த ரூமைப் பூட்டிடறேன்!'

என்ன, உங்க வீட்டுல ஒட்டுக் கேட்ட மாதிரி இருக்கா? அக்கா - தங்கச்சி வீடுன்னா, 'அண்ணா' இருக்கிற இடத்துல 'அக்கா'ன்னு போட்டுப் படிச்சுக்கோங்க. டயலாக் மாறாது.

ரெண்டு பேருக்கு ஒரு ரூம். நம்மில் பல பேர் வளர்ந்ததே இப்படித்தான். தனி ரூம் கட்ட அப்பாவிடம் பணம் இருக்கோ இல்லையோ, இருக்கிற ரூமை ஒழுங்கா பிரிச்சுக்க உங்ககிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கே! அது போதும்.

முதல்ல டேப்பை எடுங்க

கட்டிலை இழுக்கறதுக்கு முன்னாடி ரூமை அளங்க. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு அரை அடின்னு வச்சு வரைங்க. உங்க ரூம் 10-க்கு 10 அடி என்றால், 20-க்கு 20 கட்டம். ஒற்றைக் கட்டில் பொதுவாக ஆறேகால் அடி நீளம், 3 அடி அகலம். அதாவது பன்னிரண்டரைக் கட்டத்துக்கு 6 கட்டம். அதே அளவில் ரெண்டு காகிதத் துண்டு வெட்டிக்கோங்க. இனி கட்டிலைத் தூக்க வேண்டாம், காகிதத்தை நகர்த்தினா போதும்.

எதிரெதிர் சுவரை ஒட்டி ரெண்டு கட்டிலையும் போட்டா நடுவில் 4 அடி கிடைக்கும். தலைமாட்டில் ஒரு சின்ன மேஜை, நடந்து போக வழி, எல்லாம் அடங்கிடும். மூலையில் 'ட' மாதிரி போட்டா நடுவில் 7-க்கு 7 அடி காலியிடம். பாயை விரிச்சு கேரம் போர்டே போடலாம்! கதவும் பீரோக் கதவும் எந்தப் பக்கம் திறக்குதுன்னு மறக்காம குறிச்சுக்கோங்க. பீரோவைப் பாதிதான் திறக்க முடியும் என்ற ஞானம், நகர்த்தி முடிச்ச பிறகு வந்தா முதுகு வலிதான் மிச்சம்.

அடுக்குக் கட்டில் ஆசையா?

சினிமாவில் பார்க்க சூப்பரா இருக்கும். இடமும் மிச்சம்தான். ஆனா தலைக்கு மேல பாருங்க, ஃபேன்! நம்ம வீடுகளில் சாதாரணமா மாட்டற ஃபேனின் வீச்சு 1200 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 4 அடி. 10 அடி ரூமில் நடு மையத்தில் அது சுத்தினா, இறக்கை முனைக்கும் சுவருக்கும் இடையில் இருப்பது 3 அடி. கட்டிலின் அகலமும் அதே 3 அடி. மேல் தட்டில் இருப்பவர் சோம்பல் முறிச்சு கையை நீட்டினா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அடுக்குக் கட்டில்தான் வேணும்னா, அதை மூலைக்குத் தள்ளி, சீலிங் ஃபேனை எடுத்துட்டு சுவர் ஃபேனுக்கு மாறிடுங்க. மேல் தட்டில் மெத்தைக்கு மேல குறைஞ்சது 5 அங்குலம் உயரமா தடுப்புக் கம்பி இருக்கணும். வீட்டில் 6 வயசுக்குக் கீழே வாண்டு இருந்தா மேல ஏத்தவே கூடாது.

ஆளுக்கொரு லைட்டு, ஆளுக்கொரு சாவி

சண்டை எங்கே ஆரம்பிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. லைட் ஒண்ணு, ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணு, மேஜை ஒண்ணு. 'இது என்னோடது'ன்னு சொல்லிக்க ரெண்டு பேருக்குமே எதுவும் இல்ல. அதனாலதான் ஒரு பேனாவுக்குக்கூட உலகப் போர்.

டியூப்லைட்டுக்குப் பதில் ஆளுக்கொரு டேபிள் லேம்ப். எல்.இ.டி. பல்பு போதும். வலது கையால் எழுதறவர்னா லேம்ப் இடது பக்கம். அப்பத்தான் கை நிழல் நோட்டில் விழாது.

மேஜை ஒண்ணுதானா? சுவரில் கீல் வச்சு மடக்கற பலகை ஒண்ணு அடிச்சுடுங்க. 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருந்தா லேப்டாப்பும் நோட்டும் தாராளமா வைக்கலாம். படிச்சு முடிச்சா மடக்கிடலாம்.

பீரோவில் மேல் தட்டு, கீழ் தட்டுன்னு பிரிக்காம நெடுக்காகப் பிரிங்க. அப்போ உயரமானவருக்கு மட்டும் வசதி என்ற பேச்சே வராது. சீசனில் ஒரு தடவை எடுக்கற சாமான் பரணுக்கு, மாசத்துல ஒரு தடவை எடுக்கறது கட்டிலுக்கு அடியில், தினம் எடுக்கறது கைக்கு எட்டும் உயரத்தில்.

முக்கியமான மேட்டர், ஆளுக்கு ஒரு பூட்டு போட்ட பெட்டி. பழைய ட்ரங்க் பெட்டியா இருந்தாலும் சரி. அதுக்குள்ள டைரி இருக்கலாம், சேர்த்து வச்ச காசு இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். மத்தவர் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்!

ஒரு ப்ளக், ரெண்டு போன்

ரூமில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. ரெண்டு போன், ஒரு லேப்டாப், ரெண்டு லேம்ப் வரைக்கும் பிரச்னை இல்லை. ஆனா 6 ஆம்ப்பியர் ப்ளக் தாங்குவது 1400 வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இஸ்திரிப் பெட்டியே 1000 வாட் வரும். சில எலெக்ட்ரிக் கெட்டில் 1500 வாட்! இதையெல்லாம் அந்தப் பெட்டியில் சொருகாதீங்க. ஒயர் சூடாகி உருகினா ரெண்டு பேருக்கும் ரூம் இருக்காது.

அக்கா - தம்பி என்றால்?

அஞ்சாவது வரைக்கும் சரி. அதுக்கப்புறம் ஒரு திரை கட்டாயம். சுவருக்குச் சுவர் ஒரு ஸ்பிரிங் கம்பி, அம்மாவின் பழைய காட்டன் புடவை ஒண்ணு. முடிஞ்சது வேலை. டிரெஸ் மாத்தும்போது கதவைத் தட்டிட்டு வரணும் என்ற பழக்கத்தை தம்பிக்கு இப்பவே சொல்லிக் கொடுங்க.

இன்னொண்ணும் கவனிங்க. இடம் பத்தலைன்னா பல வீடுகளில் ரூம் பையனுக்கு, ஹால் பொண்ணுக்குன்னு ஆயிடும். டி.வி. சத்தத்துக்கு நடுவுல படிக்கறது யாருன்னு உங்க வீட்டில் ஒரு தடவை பாருங்க. அண்ணன்மார்களே, உங்களைத்தான்!

ஜன்னல் பக்கம் யாருக்கு?

இதை எழுதற எனக்கும் ஒரு தம்பி. நான் காலேஜ் சேர்ந்தப்போ அவன் பத்தாவது. மூத்தவன் என்ற ஒரே தகுதியில் ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கு, மேஜை எனக்கு, பீரோவின் மேல் தட்டு எனக்கு. அவன் வாசப்படி ஓரமா உட்கார்ந்து, மடியில் பரீட்சை அட்டையை வச்சுக்கிட்டே ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சான். ஒரு நாளும் கேட்டதில்லை. 'அவனுக்கு அதுதான் பிடிக்கும்போல'ன்னு நானும் சௌகரியமா நினைச்சுக்கிட்டேன்.

அவன் வெளியூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, கீழ் தட்டைக் காலி பண்ணும்போது அவனோட கணக்கு நோட்டு கிடைச்சது. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமா எங்க ரூம். கதவு, பீரோ, மேஜை எல்லாம் அளவோட வரைஞ்சிருந்தான். ரெண்டு கட்டிலும் ஜன்னல் சுவரில் தலை வச்சு, நடுவுல மேஜை. ரெண்டு பேருக்கும் காத்து, ரெண்டு பேருக்கும் வெளிச்சம். டேப் வச்சு அளந்து பார்த்தேன். சரியா அடங்குது. அரை மணி நேர வேலை. என்கிட்ட காட்டணும்னு அவனுக்குத் தோணல. நானும் ஒரு தடவைகூட கேட்கல.

இப்போ அந்த ரூம் முழுக்க என்னுது. லைட்டை ஆஃப் பண்ணச் சொல்ல ஆளில்லை. லீவுக்கு அவன் வர்றதுக்கு முந்தின நாள், அந்த நோட்டில் இருந்த மாதிரியே கட்டிலைத் திருப்பிப் போட்டேன். பார்த்தவன் ஒண்ணும் சொல்லல. பையை வச்சுட்டு, ஜன்னல் பக்கம் தலை வச்சுப் படுத்துட்டான்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், நீங்க லேட் பண்ணாதீங்க. ஒரே ரூமில் நீங்க ரெண்டு பேரும் இருக்கப் போறது இன்னும் சில வருஷம்தான். அப்புறம் ஹாஸ்டல், வேலை, கல்யாணம்னு ஆளுக்கொரு திசை. இந்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை நீங்க பிடிங்க. நோட்டையும் பென்சிலையும் முதல்ல தம்பி, தங்கச்சி கையில கொடுங்க.

ஜன்னல் எந்தப் பக்கம் வரணும்னு அவங்க வரையட்டும்!