ஐந்து மணிக்கு மேல் – 7: டியூஷன் பேரில் ஒரு நடை

கிருமாம்பாக்கத்துப் பையன்களின் கிரிக்கெட் டீம், பந்து வாங்க வசூல், ஏரிக்கரைச் சண்டை எல்லாம் போன வாரமே முடிந்தது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் செல்போன் என்று அறிவித்திருந்தோம். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம்: அதிகாலை 4 மணி.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-இல் நாடு முழுக்க ‘நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு’ ஒன்றை நடத்தியது. 1,38,799 வீடுகள், 4,47,250 பேர். ஆறு வயது நிரம்பிய எல்லோரிடமும் கேட்ட முக்கியமான கேள்வி, நேற்று என்ன செய்தீர்கள் என்பதுதான். அந்த ‘நேற்று’ நள்ளிரவில் தொடங்குவதில்லை. முந்தின நாள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 4 மணிக்கு முடிகிறது. வாசல் தெளிக்க எழும் நேரம் தெரிந்த யாரோதான் இதை முடிவு செய்திருக்க வேண்டும். அந்த 24 மணி நேரத்தை அரை அரை மணியாக 48 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் செய்த வேலை என்ன, வீட்டுக்குள்ளா வெளியிலா என்று குறித்துக்கொண்டார்கள். இதற்கு ஒத்திகைபோல 1998-99-இல் ஆறு மாநிலங்களில் ஒரு சோதனைக் கணக்கெடுப்பும் நடந்தது. அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று.

எழுதிய வேலைகள் ஒன்பது பெரும்பிரிவுகளுக்குள் போய் விழும். படிப்பு ஒரு பிரிவு. பேச்சு, பழக்கம், ஊர்க் காரியம், சாமி கும்பிடுவது எல்லாம் சேர்ந்து ஒரு பிரிவு. விளையாட்டு, டிவி, பொழுதுபோக்கு இன்னொன்று. படிப்புக்காகப் போய்வரும் வழிநேரத்தைப் படிப்புப் பிரிவிலேயே சேர்த்துவிடுவார்கள்.

இந்தக் கடைசி விதியைப் படித்ததும் கிருமாம்பாக்கத்து மாலை நினைவுக்கு வந்துவிட்டது. செல்போன் பின்னுக்குப் போனது அதனால்தான்.

பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, டீ குடித்து, ஐந்தரைக்கு டியூஷன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் பெண்களைப் பாருங்கள். சைக்கிள் இருக்கும், ஏற மாட்டார்கள். தள்ளிக்கொண்டே நடப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் போகும் தூரத்தை இருபது நிமிஷமாக இழுக்க வேறு வழி கிடையாது. திரும்பும்போது இன்னும் மெதுவாக. வீடு பிரியும் முனையில் ஒருத்தி, “இருடி, அந்த கம்பம் வரைக்கும் வரேன்” என்பாள். கம்பம் வந்ததும் மற்றவள் இவளைத் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். புள்ளியியல் துறையின் ஏட்டில் இவ்வளவும் படிப்பு. கணக்கு நன்றாக வருகிற பெண் கணக்கு டியூஷனுக்கு ஏன் போகிறாள் என்று அப்பாக்கள் கேட்பதில்லை. அம்மாக்களுக்குத் தெரியும், அவர்களும் கேட்பதில்லை. “முடிஞ்சா நேரா வீட்டுக்கு வரணும்” என்பதோடு சரி.

பையன்களுக்கு இந்த ஏற்பாடு தேவைப்படுவதில்லை. “எங்கடா போற?” என்றால் “சும்மாதான்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். ‘சும்மா’ என்கிற பதில் பெண்ணிடமிருந்து வந்தால் செல்லாது. மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-இல் ‘ஒய் லாய்ட்டர்?’ என்று ஒரு புத்தகமே எழுதினார்கள். காரணம் சொல்லாமல் தெருவில் நிற்கும் உரிமை பெண்ணுக்கு வேண்டும் என்பது அவர்கள் வாதம். மும்பையிலேயே அப்படி என்றால் கிருமாம்பாக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

நகரங்கள் ஒன்றும் உசத்தி இல்லை. இதே 2019 கணக்கிலிருந்து நகர்ப்புறத் தகவலை மட்டும் பிரித்துப் பார்த்தவர் டெல்லி ஐ.ஐ.டி.யின் ராகுல் கோயல். அந்த ஒரு நாளில் ஒரு தடவையாவது வீட்டைவிட்டு வெளியே போன ஆண்கள் நூற்றுக்கு 87 பேர். பெண்கள் 47 பேர்.

கிருமாம்பாக்கத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. ஊர் புதுச்சேரி–கடலூர் சாலையில் இருக்கிறது. பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி இரண்டும் இங்கே இருப்பதால் சாலையோரக் கடைகளில் இளவட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வெளியூர், பதினெட்டு வயதுக்கு மேல். உள்ளூர்ப் பதினான்குக்கு அங்கே இடமில்லை. தெற்கே கொஞ்ச தூரத்தில் முள்ளோடை, அங்கே தமிழ்நாட்டு எல்லை, கூடவே பிராந்திக்கடைகள். “மெயின் ரோட்டுப் பக்கம் போவாதே” என்று வீட்டில் சொல்வதைக் குறை சொல்லவும் முடியவில்லை.

பக்கத்துப் பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு கல்விச்சாலை இருந்தது. அதன் செலவுக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. அங்கே படித்தவர்கள் பாடம் முடிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதைச் செப்பேட்டில் தேடிப் பயனில்லை. வெளியே அனுப்புவதற்குப் படிப்பு ஒன்றுதான் செல்லுபடியாகும் காரணம் என்பது இந்த வட்டாரத்தில் பழைய வழக்கமோ என்று நினைத்துக்கொள்ளலாம்.

பரீட்சை முடிந்தால் டியூஷன் நிற்கும். அங்கேதான் வருகிறது வினை. ஏப்ரல், மே முழுக்கப் பையன்களுக்கு மேட்ச் மேல் மேட்ச். பெண்களுக்கு மாமா வீடு, இல்லாவிட்டால் டிவி. ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால், தீமிதி வந்தால், ஒரு வாரம் தெரு அவர்களுடையது. டைப்ரைட்டிங், தையல், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று கோடைக்கு ஒரு வகுப்பைக் கண்டுபிடிக்கும் பெண் கெட்டிக்காரி. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை உணர்வு இருக்கிறது. அதிலும் 13 முதல் 17 வயதுக்காரர்களிடம் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேருக்கு. விடலைகள் போனைக் கட்டிக்கொண்டு தனித்துப் போனார்கள் என்று மேடைதோறும் பேசுகிறவர்கள், மே மாதத்தில் ஒரு பதினைந்து வயதுப் பெண் போனை வைத்துவிட்டு எங்கே போகலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

அந்தப் போன்கூட எல்லோர் கையிலும் இல்லை. கிராமப்புறங்களில் ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்த 14-16 வயதினரில், சொந்தப் போன் வைத்திருக்கும் பையன்கள் 36.2 சதவீதம், பெண்கள் 26.9 என்கிறது ஏசர் 2024 அறிக்கை. அதை விரிவாக அடுத்த வாரம் பார்க்கலாம். ஐஸ்லாந்து குறுக்கே வராமல் இருந்தால். டிசம்பரில் மாலை நாலுக்குள் இருட்டிவிடும் அந்த நாட்டில், 13 முதல் 16 வயது வரை பையனானாலும் பெண்ணானாலும் இரவு 10 மணிவரை பெரியவர் துணையில்லாமல் வெளியே இருக்கலாம். கோடையில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதல். சட்டமே அப்படி. கிருமாம்பாக்கத்தில் சட்டம் எதுவும் இல்லை, டியூஷன் இல்லாத நாளில் ஆறரை மணி.

(தொடரும்)