கைமாறுவது உரிமம்: கணினி விளையாட்டு அசெட் சந்தை இயங்கும் விதம்

கணினி விளையாட்டு ஒன்றில் திரையில் தெரியும் மரம், கதவு, கதாபாத்திரம், அதன் நடை, காலடி ஓசை, பின்னணி இசை, எழுத்துரு, பொத்தான்கள், இவற்றையெல்லாம் இயக்கும் நிரல் துண்டுகள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே உருவாக்கப்பட்டுப் பின்னர் ஒன்றாக இணைக்கப்படுபவை. இத்தகைய ஆயத்தக் கூறுகளை இத்துறையினர் ‘அசெட்’ என்ற பொதுப்பெயரால் குறிக்கின்றனர். பெரிய நிறுவனங்கள் இவற்றைத் தம் ஊழியர்களைக் கொண்டே உருவாக்கிக்கொள்ள முடியும். ஆனால் இருவரோ மூவரோ சேர்ந்து இயங்கும் சிறு குழுவில் ஓவியம், சிற்பம், இசை, நிரலாக்கம் ஆகிய அனைத்திலும் தேர்ந்தவர்கள் ஒருசேர அமைவது அரிது என்பதால், பிறர் உருவாக்கியவற்றைத் தேடி எடுத்துக்கொள்ளவும் தாம் உருவாக்கியவற்றைப் பிறருக்கு வழங்கவும் இணையச் சந்தைகள் தேவைப்பட்டன.

இச்சந்தைகளில் கைமாறுவது கோப்பு போலத் தோன்றினாலும், உண்மையில் கைமாறுவது அக்கோப்பை இன்னின்ன வகையில் பயன்படுத்தலாம் என்ற உரிமமே ஆகும். தேடுபவர், இலவசமாகப் பகிர்பவர், விற்பவர் ஆகிய மூவரும் இந்த அடிப்படையைத் தெளிவாக உணர்ந்திருந்தால்தான் உருவாக்கியவரின் உழைப்புக்கு மதிப்பும், பயன்படுத்துபவரின் விளையாட்டுக்குப் பாதுகாப்பும் கிடைக்கும்.

சந்தைகள் உருவான வரலாறு

முப்பரிமாண மாதிரிகளை இணையத்தில் விற்கும் வழக்கம் விளையாட்டுத் துறையோடு மட்டும் தொடர்புடையதன்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொடங்கப்பட்ட டர்போஸ்குவிட் தளம் விளம்பரம், திரைப்படம், கட்டட வடிவமைப்பு ஆகிய துறைகளுக்கும் மாதிரிகளை விற்றுவந்தது. விளையாட்டுத் துறைக்கெனத் தனிச்சந்தை வலுப்பெற்றது ‘கேம் எஞ்சின்’ எனப்படும் மென்பொருள்கள் பரவலான பிறகுதான். காட்சியை வரைவது, பொருள்கள் மோதுவதையும் விழுவதையும் கணக்கிடுவது, ஒலியை இயக்குவது போன்ற பொதுவான வேலைகளை ஏற்கும் அடித்தள மென்பொருளே கேம் எஞ்சின். யூனிட்டி நிறுவனம் 2010-இல் தன் எஞ்சினுக்குள்ளேயே ‘அசெட் ஸ்டோர்’ என்ற கடையைத் திறந்து, வாங்கிய பொருளை அங்கிருந்தபடியே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. எபிக் கேம்ஸ் நிறுவனம் தன் அன்ரியல் எஞ்சினுக்கு 2014-இல் இதேபோன்ற சந்தையைத் தொடங்கியது. பின்னர் இயற்கைப் பொருள்களை ஒளிப்பட முறையில் பதிவுசெய்து தொகுக்கும் க்விக்சல், கலைஞர்களின் தளமான ஆர்ட்ஸ்டேஷன், முப்பரிமாண மாதிரிகளைக் காட்சிப்படுத்தும் ஸ்கெட்ச்ஃபேப் ஆகியவற்றை அடுத்தடுத்து வாங்கிய எபிக், அவற்றின் சந்தைகளை ஒன்றிணைக்கும் ‘ஃபேப்’ என்ற தளத்தை 2024 அக்டோபரில் திறந்தது.

பெருநிறுவனங்களின் கடைகளுக்கு இணையாகத் திறந்த பகிர்வை நோக்கமாகக் கொண்ட தளங்களும் வளர்ந்தன. 2009-இல் தோன்றிய ஓப்பன் கேம் ஆர்ட் தளம் கட்டற்ற உரிமங்களில் வெளியாகும் படங்களையும் ஒலிகளையும் தொகுக்கிறது. 2013-இல் தொடங்கிய இட்ச்.ஐஓ தளத்தில் சிறு படைப்பாளிகள் விளையாட்டுகளோடு அசெட்டுகளையும் வெளியிடுகின்றனர்.

தேடுபவர் சரிபார்க்க வேண்டியவை

முகப்புப் படத்தின் அழகைக் கொண்டு ஓர் அசெட்டின் தரத்தை முடிவுசெய்ய இயலாது என்பதற்குச் சாதாரணக் கதவு ஒன்றே போதிய சான்று. முப்பரிமாண மாதிரி ஒவ்வொன்றுக்கும் ‘பிவட்’ எனப்படும் ஆதாரப் புள்ளி உண்டு. பொருளைச் சுழற்றும்போது அப்புள்ளியை மையமாகக் கொண்டே அது சுழலும். கதவின் பிவட் கீல் இருக்கும் ஓரத்தில் அமைந்திருந்தால் கதவு முறையாகத் திறக்கும். பலகையின் நடுவில் அமைந்திருந்தால், பாதிக் கதவு அறைக்குள்ளும் மறுபாதி வெளியிலுமாகச் சுழன்று சுவரைத் துளைத்து நிற்கும். அளவிலும் இதே கவனம் தேவை: யூனிட்டியில் ஓர் அலகு ஒரு மீட்டராகவும், அன்ரியலில் ஒரு சென்டிமீட்டராகவும் கொள்ளப்படுவதால், அளவு மாற்றத்தைக் கவனிக்காமல் இறக்கிய கதவு நூறு மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்கக்கூடும்.

கதவின் மேல் போர்த்தப்படும் ‘டெக்ஸ்சர்’ எனும் பரப்புப் படங்களும் ஆராயத்தக்கவை. மரத்தின் நிறத்தை ஒரு படமும், அதன் மேடுபள்ளங்களை ‘நார்மல் மேப்’ எனப்படும் மற்றொரு படமும், சொரசொரப்பை வேறொரு படமும் தாங்கியிருக்கும். நார்மல் மேப்பின் பச்சை வண்ண அடுக்கை யூனிட்டியும் அன்ரியலும் எதிரெதிர்த் திசையில் வாசிப்பதால், ஓர் எஞ்சினுக்காகச் செய்த படத்தை மற்றொன்றில் அப்படியே பயன்படுத்தினால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். படத்தின் அளவு பெரிதாக இருப்பது எப்போதும் நன்மையன்று. 4096×4096 புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணப்படம் சுருக்கப்படாத நிலையில் 64 மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், கைப்பேசிக்கான விளையாட்டில் இத்தகைய படங்கள் சில சேர்ந்தாலே கருவி திணறும். ஒலிகளைப் பொறுத்தவரை, திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டிய பின்னணி இசை எம்பி3 வடிவில் இருந்தால், அவ்வடிவம் கோப்பின் முன்னும் பின்னும் சேர்க்கும் சிறு மௌனம் ஒவ்வொரு சுற்றிலும் தடங்கலாகக் கேட்கக்கூடும். ஆகவே வேவ் அல்லது ஓக் வடிவக் கோப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பது முறை.

இவையனைத்தும் சரியாக இருந்தாலும் கலைநடை ஒத்துப்போகாவிட்டால் பயனில்லை. ஒருவர் தடித்த கருங்கோடுகளால் வரைந்த வீரனையும், மற்றொருவர் ஒளிப்படம் போல உருவாக்கிய காட்டையும் சேர்த்து வைத்தால் இரண்டும் தனித்தனியே சிறந்தவையாக இருந்தும் திரை சிதறித் தெரியும். எனவே அனுபவமுள்ளோர் தனிப்பொருள்களைத் தேடுவதை விட, ஒரே கலைஞர் ஒரே நடையில் செய்த தொகுப்புகளைத் தேடுகின்றனர்.

தமிழில் விளையாட்டு உருவாக்குவோர் எழுத்துருவையும் இப்பட்டியலில் முன்னே வைக்க வேண்டியுள்ளது. ‘கெ’ என்ற எழுத்தைக் கணினி ககரமாகவும் அதையடுத்து எகரக் குறியாகவும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது குறியை இடப்பக்கம் நகர்த்திக் கோக்கும் வசதி எஞ்சினில் இல்லாவிட்டால், கொம்பு ககரத்துக்கு வலப்பக்கத்தில் வந்து விழும். 2023 மார்ச்சில் வெளியான கோடோ 4 எஞ்சினில் இவ்வாறு எழுத்துகளைக் கோக்கும் வசதி சேர்ந்தது. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் ‘ஓப்பன் ஃபான்ட்’ உரிமத்தில் வெளியாகியுள்ளதால், விற்பனைக்கான விளையாட்டிலும் அவற்றை இணைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்பதை அவ்வுரிமம் தடுக்கிறது.

உரிமங்கள் தரும் அனுமதியும் விதிக்கும் வரம்பும்

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் எவ்வகையிலும் பயன்படுத்தத்தக்கது என்ற எண்ணமே புதியவர்களைப் பெரிதும் சிக்கலில் ஆழ்த்துகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு வகுத்த உரிமங்களுள் ‘சிசி0’ என்பது, படைப்பாளர் தம் உரிமைகளைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத் துறந்து படைப்பைப் பொதுவுடைமையாக்குவது. ‘சிசி-பிஒய்’ உரிமம் படைப்பாளரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. ‘எஸ்ஏ’ என்ற பின்னொட்டு சேர்ந்தால், அப்படைப்பை மாற்றியமைத்து வெளியிடுபவரும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ‘என்சி’ சேர்ந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. விலைக்கு விற்கும் விளையாட்டில் அப்படைப்புக்கு இடமில்லை.

விலைகொடுத்து வாங்கும் அசெட்டுகளிலும் வரம்புகள் உண்டு. பெரும்பாலான கடைகள், வாங்கியவர் அப்பொருளைத் தம் விளையாட்டின் பகுதியாக்கி விற்பதை அனுமதிக்கின்றன. மூலக்கோப்பை அப்படியே பிறருக்குக் கொடுப்பதையோ மறுவிற்பனை செய்வதையோ தடுக்கின்றன. யூனிட்டி கடையில் விற்கப்படும் கருவி வகை அசெட்டுகளைக் குழுவில் எத்தனை பேர் பயன்படுத்துகின்றனரோ அத்தனை உரிமங்கள் வாங்க வேண்டும். ஃபேப் தளத்தில் வாங்குபவரின் கடந்த 12 மாத வருவாய் 1,00,000 டாலருக்கு உட்பட்டிருந்தால் ஒரு விலையும், அதைத் தாண்டினால் தொழில்முறை உரிமத்துக்கான வேறு விலையும் வைக்க விற்பனையாளர்களுக்கு வழியுண்டு. சில தளங்களில் புகழ்பெற்ற கார்களின் மாதிரிகள் செய்தி, கல்வி போன்ற பயன்களுக்கு மட்டும் என்ற குறிப்போடு விற்கப்படுகின்றன. மாதிரியைச் செய்தவர் ஒருவராக இருந்தாலும் வணிகச் சின்னத்தின் உரிமை வேறொருவரிடம் இருப்பதே இதற்குக் காரணம்.

பகிர்வு தரும் வலிமை

இலவசப் பகிர்வின் ஆற்றலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக 2012-இல் நடைபெற்ற ‘லிபரேட்டட் பிக்சல் கப்’ போட்டியைக் கூறலாம். ஓப்பன் கேம் ஆர்ட், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, கிரியேட்டிவ் காமன்ஸ் ஆகியவை இணைந்து நடத்திய அப்போட்டியில், ஓவியம் வரைவதற்கு முன்பே ஒரு நடைக்கையேடு வெளியிடப்பட்டது. தரைக்கட்டங்கள் 32×32 புள்ளிகளில் அமைய வேண்டும், பார்வைக்கோணம் இவ்வாறு இருக்க வேண்டும், நிழல் இப்படி விழ வேண்டும் என்று அக்கையேடு வரையறுத்ததால், ஒருவரையொருவர் அறியாத கலைஞர்கள் வெவ்வேறு நாடுகளிலிருந்து வரைந்த மரமும் வீடும் மனிதனும் ஒரே உலகைச் சேர்ந்தவை போலப் பொருந்தின. போட்டி முடிந்த பிறகும் பலர் அதே நடையில் ஆடை, முடி, கவசம் என வரைந்து சேர்த்துக்கொண்டே வந்தனர். இவற்றை அடுக்கி ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கித் தரும் இணையக் கருவி, தேர்ந்தெடுத்த ஒவ்வோர் அடுக்கையும் வரைந்தவரின் பெயர்ப்பட்டியலையும் சேர்த்தே தருகிறது. பகிர்வு என்பது பெயரை மறக்கச் செய்வதாக ஆகிவிடாமல் காக்கும் ஏற்பாடு இது.

நெதர்லாந்தைச் சேர்ந்த ‘கென்னி’ தளம் பல்லாயிரக்கணக்கான படங்களையும் மாதிரிகளையும் சிசி0 உரிமத்தில் வழங்கி, விரும்புவோரின் நன்கொடையையும் கட்டணத் தொகுப்புகளின் வருவாயையும் கொண்டு இயங்குகிறது. பாலி ஹேவன் தளம் பரப்புப் படங்களையும் ஒளியமைப்புப் படங்களையும் அவ்வாறே வழங்குகிறது. விளையாட்டு உருவாக்கத்தைக் கற்கத் தொடங்கும் மாணவர் பணமோ முன்னனுபவமோ இன்றி முதல் விளையாட்டை முடிக்க முடிகிறதென்றால், அதற்கு இத்தகைய கொடையாளர்களே காரணம், அவர்கள் நன்றிக்குரியவர்கள்.

விற்பவரின் வருவாயும் பொறுப்பும்

விற்பனை விலையில் சந்தை எடுத்துக்கொள்ளும் பங்கு தளத்துக்குத் தளம் மாறுகிறது. யூனிட்டி கடை 30 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு 70 விழுக்காட்டை விற்பனையாளருக்குத் தரும் முறையில் இயங்கிவந்தது. அன்ரியல் சந்தையிலும் இதே பகிர்வு இருந்தபோது, எபிக் நிறுவனம் 2018 ஜூலையில் தன் பங்கை 12 விழுக்காடாகக் குறைத்ததோடு, 2014 முதலான விற்பனைக்கும் அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு வேறுபாட்டுத் தொகையை வழங்கியது. ஆகவே 20 டாலருக்கு விற்கும் ஒரு தொகுப்புக்கு முதல் முறையில் 14 டாலரும், இரண்டாம் முறையில் 17.60 டாலரும் வரிக்கு முன் கிடைக்கும். இட்ச்.ஐஓ தளத்தில் தளத்தின் பங்கை விற்பனையாளரே முடிவு செய்யலாம். அவர் மாற்றாவிட்டால் அது 10 விழுக்காடு.

கோப்பை ஏற்றியதோடு விற்பவரின் வேலை முடிவதில்லை. எஞ்சின் புதிய பதிப்புக்கு மாறும்போதெல்லாம் அசெட்டைச் சோதித்துத் திருத்துவது, பயன்படுத்தும் முறையை விளக்கும் ஆவணத்தை எழுதுவது, கோப்புகளுக்குச் சீரான பெயரிடுவது, வாங்கியவரின் ஐயங்களுக்கு விடையளிப்பது ஆகிய அனைத்தும் விலையில் அடங்கிய உழைப்பே. மேலும், ஏற்றப்படும் படைப்பு விற்பவருக்கே உரியதாக இருத்தல் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளர் நிறுவனமே என்பதால், பகலில் அலுவலகத்துக்காகச் செய்த மாதிரியை இரவில் தம் பெயரில் விற்பனைக்கு வைக்க ஊழியருக்கு உரிமையில்லை.

நம்பிக்கையைக் குலைப்பவை

வணிக விளையாட்டுகளின் கோப்புகளிலிருந்து பிரித்தெடுத்த மாதிரிகளைச் சிலர் தம் படைப்பாக ஏற்றிவிடுகின்றனர். அறியாமல் அதை வாங்கிப் பயன்படுத்தியவரின் விளையாட்டும் கடையிலிருந்து நீக்கப்படும் நிலை வரலாம். வாங்கிய தொகுப்பை எந்த மாற்றமும் செய்யாமல் விளையாட்டு என்ற பெயரில் விற்கும் ‘அசெட் ஃபிளிப்’ வழக்கமும் கேடு விளைவிக்கிறது. எனினும் இதனைக் காரணமாக்கி, அசெட் வாங்கிப் பயன்படுத்துவோரையெல்லாம் குறைகூறுவது தவறு. ஆஸ்திரேலியாவின் சிறு குழுவொன்று உருவாக்கி 2017-இல் வெளியிட்டுப் பெரும் பாராட்டைப் பெற்ற ‘ஹாலோ நைட்’ விளையாட்டில், யூனிட்டி கடையில் விற்கப்படும் ‘பிளேமேக்கர்’ என்ற கருவி பயன்பட்டுள்ளது. வாங்கிய கருவியைக் கொண்டு எதைப் படைக்கிறார்கள் என்பதே மதிப்பீட்டுக்குரியது.

செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் படங்களை உருவாக்கும் காலத்தில், ஒரு படைப்பு யாருடைய உழைப்பு என்ற கேள்வி மேலும் கூர்மையடைந்துள்ளது. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2024 ஜனவரி முதல் விளையாட்டு உருவாக்குவோரிடமும், இட்ச்.ஐஓ அதே ஆண்டு நவம்பர் முதல் அசெட் வெளியிடுவோரிடமும் செயற்கை நுண்ணறிவின் பயன்பாட்டை வெளிப்படையாகத் தெரிவிக்கக் கோருகின்றன. கையால் வரைந்தவரின் உழைப்பையும் இயந்திரம் தந்த விளைவையும் வாங்குபவர் வேறுபடுத்தி அறிய இயல வேண்டும் என்பதால், இக்கோரிக்கை முற்றிலும் நியாயமானது.

பயன்படுத்துவோர் கடைப்பிடிக்க வேண்டிய வழக்கம் எளியது: ஓர் அசெட்டைப் பதிவிறக்கும் நாளிலேயே அதன் பெயர், படைப்பாளர், பக்க முகவரி, உரிமம், நாள் ஆகியவற்றை ஒரு பட்டியலில் எழுதி, உரிம வாசகத்தின் நகலையும் திட்டக் கோப்புறையிலேயே சேமித்தல் வேண்டும். பக்கம் நீக்கப்பட்டாலோ உரிமம் மாற்றப்பட்டாலோ, எந்த நிபந்தனையில் அது பெறப்பட்டது என்பதற்கு அப்பட்டியலே சான்று. விளையாட்டு முடிந்ததும் நன்றிப் பக்கத்தை எழுத வேண்டியிருக்கும்போது அப்பட்டியலே ஆதாரமாகும். சிசி0 போலப் பெயர் சொல்லக் கட்டாயமில்லாத உரிமத்தில் பெற்றவற்றுக்கும் பெயர் சொல்வதைச் சிறு குழுக்கள் வழக்கமாக்கிக்கொண்டால், இன்று இலவசமாகக் கொடுப்பவர்கள் நாளையும் கொடுப்பதற்கு அது போதிய ஊக்கமாகும்.