பகலில் எரியும் விளக்கு

நுழையும்முன்

ஒளி மங்கியதைப் பகல்விளக்குக்கு ஒப்பிடுவது தமிழர் வழக்கு. கதிரவன் ஒளியில் விளக்கால் என்ன பயன் என்பதே அவ்வழக்கின் கருத்து. ஆயினும் இன்று நண்பகல் வெயிலிலும் மோட்டார் சைக்கிள்களின் முகப்பு விளக்குகள் எரிகின்றன. இவ்விளக்கு யாருக்காக எரிகிறது? இவ்வினாவுக்கு விடை தருகிறது இப்பாடம்.

நகரமும் சாலையும்

கேரளத்தின் தலைநகரம் திருவனந்தபுரம். கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை, கரமனை வழியாக நகருக்குள் நுழையும் நெடுஞ்சாலையில் நாள்தோறும் எண்ணற்ற வாகனங்கள் வந்து செல்கின்றன. நகரின் கேசவதாசபுரத்தில் தொடங்கும் எம்.சி. சாலை, வளைந்து வளைந்து வடக்கே அங்கமாலி வரை செல்கிறது.

இப்பகுதிச் சாலைகளுக்கு ஓர் இயல்பு உண்டு. பல இடங்களில் இருபுறமும் மரங்கள் அடர்ந்திருக்கும். வெயிலில் வந்த வண்டி திடீரென நிழலுக்குள் புகும்; அடுத்த வளைவில் மீண்டும் வெயிலுக்கு வரும். சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பகல்பொழுதும் அந்திபோல் இருளும். கறுப்பு நிற வண்டியில் கருநிற மழையாடை அணிந்து வருபவர், ஈரச் சாலையின் கருமையோடு கலந்துவிடுவார். எதிரே வரும் பேருந்தின் ஓட்டுநர் அவரைக் காணும்போது இடைவெளி மிகக் குறைந்திருக்கும்.

பார்த்தும் காணாத கண்

"நான் பார்த்தேன், ஆனால் வண்டி ஏதும் இல்லை." விபத்துக்குப் பின் கார் ஓட்டுநர்கள் பலர் இவ்வாறு கூறுவதுண்டு. அவர்கள் பொய் உரைப்பதாகக் கருத வேண்டியதில்லை. மனிதக் கண்ணும் மூளையும் இயங்கும் முறையே இதற்குக் காரணமாகலாம்.

ஒரு காரையோ பேருந்தையோ முன்புறமிருந்து நோக்கினால் அகன்ற உருவம் தெரியும். மோட்டார் சைக்கிளின் முன்புறமோ ஒரு மனிதனின் தோள் அகலத்தைவிடச் சற்றே மிகுந்தது. எனவே கார் ஓட்டுநரின் முன் கண்ணாடியைத் தாங்கும் பக்கத் தூணின் பின்னே அது முழுவதும் மறைந்துவிடக்கூடும். இரண்டு வண்டிகளும் நகர்ந்துகொண்டே இருந்தாலும் அந்த மறைவு சில நொடிகள் நீடிக்கலாம்.

ஓட்டுநர் இடமும் வலமும் விரைவாகப் பார்க்கும்போது அவருடைய கண்கள் தாவித் தாவியே நகர்கின்றன. அத்தாவலின் இடையில் உள்ள காட்சியை மூளை தெளிவாகப் பதிவு செய்வதில்லை. சிறிய உருவம் அந்த இடைவெளியில் தவறிப்போகலாம்.

சிறிய பொருள் தொலைவில் இருப்பதாகவும், அது வந்து சேர நேரமாகும் என்றும் எண்ணுவது மூளையின் இயல்பு. ஒரே தொலைவில், ஒரே வேகத்தில் ஒரு லாரியும் ஒரு ஸ்கூட்டரும் வந்தாலும், ஸ்கூட்டர் வரச் சற்று நேரமாகும் என்றே மனம் கணக்கிடுகிறது. அக்கணக்கை நம்பிக் காரைத் திருப்புகிறார் ஓட்டுநர். விபத்து நேர்கிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. அதே வேகத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்தால், அவற்றுக்கு இடையேயுள்ள தொலைவு ஒவ்வொரு நொடியும் 33 மீட்டர் குறையும். ஆகவே, ஒரு நொடி முன்னதாகக் காண்பது உயிரைக் காக்கக்கூடும்.

விளக்கின் பணி

இரவில் எரியும் விளக்கு ஓட்டுநருக்குச் சாலையைக் காட்டுகிறது. பகலில் எரியும் விளக்கோ ஓட்டுநரைப் பிறருக்குக் காட்டுகிறது. முன்னது காண்பதற்கு, பின்னது காணப்படுவதற்கு. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் பகல்விளக்கின் பயன் எளிதில் விளங்கும்.

மரங்கள், சுவர்கள், கடைப்பலகைகள் நிறைந்த பின்னணியில் ஓர் ஒளிப்புள்ளி தனித்துத் தெரிகிறது. நேராக நோக்காதபோதும் கண்ணின் ஓரம் அதனைக் கண்டுகொள்ளும். மரநிழலிலும் மழையிலும் இப்பயன் மிகும்.

உலகம் கற்ற பாடம்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஹாரி ஹர்ட் என்னும் அறிஞர் தம் குழுவினருடன் நிகழ்விடத்திற்கே சென்று ஆராய்ந்தார். அவ்வாய்வு 1981இல் வெளியானது. மோட்டார் சைக்கிளும் வேறொரு வாகனமும் மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, அந்த வேறு வாகனம் வழிவிடாமையால் நேர்ந்தவை. மோட்டார் சைக்கிளை உரிய நேரத்தில் காணாமையே அவற்றின் முதன்மைக் காரணம் என அவ்வாய்வு உணர்த்தியது.

தமிழர் பெருமளவில் வாழும் மலேசியாவில் 1992 சூலையில் மோட்டார் சைக்கிள்களின் பகல்விளக்கு குறித்த விழிப்புணர்வுப் பரப்புரை தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் அது சட்டமாயிற்று. சிரம்பான், ஷா ஆலம் ஆகிய இரு நகரங்களில் நடத்தப்பட்ட ஆய்வில், கண்ணில் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தமை தெரிந்தது. சிங்கப்பூரும் 1995 நவம்பரில் இதே விதியைக் கொண்டுவந்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. பகலில் விளக்கை எரியவிட்டவர்களுக்கு விபத்தில் காயமுறும் வாய்ப்பு 27 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒளிரும் ஆடை அணிந்தவர்களுக்கு அது 37 விழுக்காடு குறைந்தது. கறுப்புத் தலைக்கவசம் அணிந்தவர்களைவிட வெள்ளைத் தலைக்கவசம் அணிந்தவர்களுக்கு 24 விழுக்காடு குறைவாக இருந்தது. பிறர் கண்ணில் படும்படி செல்வதே பாதுகாப்பு என்பதை இவை மூன்றும் காட்டின.

இந்தியாவின் விதி

இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் 1,68,491 பேர் விபத்துகளில் உயிரிழந்தனர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதாவது, நாளொன்றுக்கு இருநூறு பேருக்கும் மேல். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஒரு குழுவை அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். இராதாகிருஷ்ணன் அப்போது அதன் தலைவராக இருந்தார்; அவர் கேரளத்தைச் சேர்ந்தவர். இருசக்கர வாகனங்களில் விளக்கு தானே எரிய வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அதன் பயனாக, 2017 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முகப்பு விளக்கு தானாகவே எரியும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வண்டிகளில் விளக்கை அணைக்கும் விசை இராது. அதற்கு முன் தயாரான வண்டிகளில் ஓட்டுபவர்தாம் விளக்கை எரியவிட வேண்டும்.

நல்லெண்ணத்தால் நேரும் பிழை

இவ்விதி வந்த புதிதில் சாலைகளில் ஒரு காட்சியை அடிக்கடி காண முடிந்தது. விளக்கு எரிய வரும் வண்டியைக் கண்டவர்கள் கைவிரல்களைக் குவித்தும் விரித்தும் சைகை காட்டினார்கள். "விளக்கு எரிகிறது, அணையுங்கள்" என்பதே அதன் பொருள். மின்கலத்தின் மின்சாரம் வீணாகிவிடுமே என்னும் பரிவே அச்சைகைக்குக் காரணம்.

ஆனால் எஞ்சின் ஓடும்போது அதனோடு இணைந்த மின்னாக்கியே விளக்குக்கு மின்சாரம் தருகிறது. அதனால் கூடும் எரிபொருள் செலவும் மிகச் சிறிது. பழைய வண்டியில் விளக்கை எரியவிட்டு வரும் ஒருவர் அச்சைகையைக் கண்டு அதனை அணைத்துவிட்டால், அவர் தம் பாதுகாப்பில் ஒரு பகுதியை இழக்கிறார். பரிவுடன் செய்த உதவி, அவருக்குத் தீங்காக முடியலாம்.

விளக்கின் எல்லை

பகல்விளக்கு கவசம் அன்று. முன்புறமிருந்து வருவோர்க்கே அது வண்டியைக் காட்டும். பக்கவாட்டிலும் பின்னாலும் வருவோர்க்கு அதனால் பயன் குறைவு. பின்விளக்கும் ஒளியை எதிரொளிக்கும் பட்டையும் பின்னால் வருபவர்க்கு வேண்டும். 'டிம்' எனப் பேச்சுவழக்கில் கூறப்படும் தாழ்ந்த ஒளியே பகலுக்குப் போதுமானது. உயர்ந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்து புதிய இடரை உண்டாக்கும்.

வேகம் மிகுந்தால் விளக்கும் உதவாது. தலைக்கவசம் இன்றேல் சிறு மோதலும் உயிரைப் பறிக்கும். இருசக்கர வாகனத்தில் செல்லும் நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பின்னால் அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் மாணவருக்கும் இது பொருந்தும். சாலைகளில் இவற்றைக் கண்காணிக்கக் கேரளம் 2023 சூன் முதல் 726 தானியங்கி ஒளிப்படக் கருவிகளைப் பயன்படுத்தி வருகிறது. ஆயினும் தண்டத்துக்கு அஞ்சி அணியும் தலைக்கவசத்தைவிட, உயிரின் அருமை உணர்ந்து அணிவதே நிலைத்த பழக்கமாகும்.

நடந்து செல்பவருக்கும் விளக்கு

பகல்விளக்கால் நடந்து செல்வோரும் பயன்பெறுகின்றனர். சாலையைக் கடக்க நிற்கும் சிறுவனுக்கு, நிழலிலிருந்து வரும் வண்டியை விளக்கே முதலில் காட்டுகிறது. ஓசையின்றி வரும் மின்சார ஸ்கூட்டரையும் ஒளியே அறிவிக்கிறது.

ஆனால் இங்கு ஒன்றை மறத்தல் கூடாது. விளக்கு தெரிவதால் வண்டி வருகிறது என்று சிறுவன் அறிகிறான். வண்டியை ஓட்டுபவர் சிறுவனைக் கண்டுவிட்டார் என்று அதற்குப் பொருள் இல்லை. கண்டாரா என உறுதிப்படும் வரை நின்று, வண்டி கடந்த பின் செல்வதே அறிவுடைமை. சாலையில் ஒருவர் பிறரைக் காண்பதும், பிறரால் காணப்படுவதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே பாதுகாப்பு.

சொல்லும் பொருளும்

முகப்பு விளக்கு – வாகனத்தின் முன்புற விளக்கு
விசை – அழுத்தி இயக்கும் பொத்தான்
பரிவு – இரக்கம், அன்பு
பரப்புரை – கருத்தைப் பலரிடம் கொண்டுசெல்லுதல்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
தண்டம் – விதியை மீறியதற்குச் செலுத்தும் பணம்

மதிப்பீடு

கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. எம்.சி. சாலை திருவனந்தபுரத்தில் ________ என்னும் இடத்தில் தொடங்குகிறது.
2. மலேசியாவில் பகல்விளக்குச் சட்டம் ________ ஆம் ஆண்டில் வந்தது.

குறுவினா
1. இரவு விளக்கிற்கும் பகல் விளக்கிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. சிறிய வண்டி தொலைவில் வருவதாகத் தோன்றுவது ஏன்?

நெடுவினா
பகல்விளக்கால் விளையும் நன்மைகளையும் அதன் எல்லைகளையும் தொகுத்து எழுதுக.

சிந்தனை வினா
விளக்கு எரிய வரும் வண்டியைக் கண்டு, "அணையுங்கள்" எனச் சைகை காட்டும் ஒரு பெரியவருக்கு நீ எவ்வாறு பணிவுடன் விளக்கம் கூறுவாய்?

செயல்பாடு
பள்ளிக்கு வரும் வழியில், பெரியவர் ஒருவருடன் பாதுகாப்பான இடத்தில் நின்று, பத்து நிமிடங்களில் கடந்து செல்லும் இருசக்கர வாகனங்களுள் எத்தனை விளக்கெரிய வந்தன எனக் கணக்கிட்டு எழுதுக. நிழலில் வந்த வண்டிகளுள் உன் கண்ணில் முதலில் பட்டது எது என்பதையும் குறிப்பிடுக.